முன்பாரமும் பின்பாரமும்

விழா மலரில் தமிழாசிரியன் ஒருவன் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவே இருக்கும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. மலர்க்குழுவினரும் அவ்வாறே எண்ணியிருப்பர். ஆயினும், பிக்கப் வாகனம் ஒன்றின் பின்புற வில்லுத்தகடுகளைத் தாழ்த்துவது தகுமா, தகாதா என்னும் வினாவைப் பற்றி எழுதத் துணிந்தேன். எங்கள் ஊர்ச் சிறுவர் பாடசாலையின் குடிதண்ணீரும், வீதியிற் செல்லும் பிள்ளைகளின் உயிரும் அவ்வினாவிலே தங்கியிருந்தன. அதற்கு விடை கண்டவர்களுள் இருவர் இக்கல்லூரியின் பழைய மாணவர்கள்.

எங்கள் ஊர் கடலை அடுத்தது. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கிணறுகள் உவர்த்துப்போகும். ஊர்ச் சங்கத்தார் 1,000 லீற்றர் கொள்ளும் தண்ணீர்த் தாங்கி ஒன்றை, பிறேக் பொருத்திய ஒற்றையச்சு ரெயிலரில் ஏற்றி வைத்துள்ளனர். அதனை இழுத்துச் செல்லும் பொறுப்பை என் தமக்கையாரின் மகன் மனமுவந்து ஏற்றான். அவனிடம் பழைய பிக்கப் ஒன்று உண்டு. ரெயிலரைக் கொழுவிப் பார்த்தபோதுதான் தொல்லை தெரிந்தது. பிக்கப்பின் உருண்டைக் கொழுவி நிலத்திலிருந்து 21 அங்குல உயரத்தில் நின்றது. ரெயிலர் மட்டமாக நிற்பதற்கோ 17 அங்குலமே வேண்டும். ஆகவே ரெயிலர் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"மாமா, பின்பக்கத்தை ஒரு நாலு அங்குலம் இறக்கிவிட்டால் எல்லாம் சரிவரும். பார்க்கவும் வடிவாயிருக்கும்" என்றான் மருமகன்.

இளைஞர் பலருக்குத் தாழ்ந்த வாகனத்தின்மீது விருப்பம் உண்டு. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், இறக்குவதாவது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டுமன்றோ? எங்கள் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் நண்பரையும் அழைத்துக்கொண்டு வாகனத்தின் கீழே படுத்துப் பார்த்தேன்.

பிக்கப்பின் பின்னச்சு இரு பக்கத்தும் வில்லுத்தகட்டுக் கட்டுகளாற் தாங்கப்படுகின்றது. நீளமான தகட்டின்கீழ் அதனினும் குறுகிய தகடுகள் படிப்படியாக அடுக்கப்பட்டு, நடுவில் ஓர் ஆணியால் ஒன்றாக்கப்பட்டுள்ளன. யூ வடிவான போல்ட்டுகள் அக்கட்டை அச்சோடு இறுக்குகின்றன. நீண்ட தகட்டின் முன்னுனி சட்டத்தோடு நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும்; பின்னுனியோ ஆடும் கொளுக்கி ஒன்றில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைந்த தகடு நிமிர்ந்து நீள்கின்றமையால், அந்நீளத்திற்கு இடங்கொடுக்கவே அக்கொளுக்கி ஆடுகின்றது. வெறும் பிக்கப் பின்புறம் உயர்ந்து நிற்பது குறையன்று. பாரம் ஏறியபின் மட்டமாக நிற்கவேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு செய்யப்பட்டது.

வாகனம் திருத்தும் இடத்தில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. கட்டிலுள்ள தகடுகளில் இரண்டைக் கழற்றிவிடுவது ஒன்று. தகட்டுக்குக் கீழே கிடக்கும் அச்சைத் தகட்டுக்கு மேலே மாற்றிப் பூட்டுவது மற்றையது. முதலாவது வழியில் வாகனம் தாழும். தாங்கும் வலிமையும் உடன் தாழும். பாரம் இழுப்பதற்காகவே இறக்கிவிட்டுப் பாரம் தாங்கும் தகட்டையே கழற்றுவது, சுமை தூக்கப் போகின்றவனைப் பட்டினி போடுவது போலாகும். தகட்டைத் தீயிற் காய்ச்சி வளைவு நீக்கும் வழக்கம் அதனினும் கொடியது. உருக்கின் பதம் கெட்டு, ஒருநாள் சொல்லாமலே முறியும்.

இரண்டாவது வழி வலிமையைக் குறைக்காது. ஆயின், அச்சுக் குழாயின் பருமனும் தகட்டுக் கட்டின் தடிப்புஞ் சேர்ந்த அளவுக்கு வாகனம் ஒரேயடியாகத் தாழும். எங்களுக்கு வேண்டிய 4 அங்குலத்தோடு அது நில்லாது. பள்ளத்தில் விழும்போது அச்சு மேலெழுவதற்குரிய இடைவெளி சுருங்கிச் சட்டத்தில் மோதும். அதனைத் தவிர்க்கச் சட்டத்தையே வெட்டி வளைவு செய்து உறுதிப்படுத்தல் வேண்டும். இயந்திரத்திலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் கோணமும் மாறும்.

நண்பர் இன்னொன்றையும் காட்டினார். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கம்பி ஓடி, பிறேக்கின் வால்வு ஒன்றோடு இணைந்திருந்தது. பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால், அவ்வால்வு பின்சக்கரங்களின் பிறேக்குக்குக் கூடிய அழுத்தம் கொடுக்கும். அதனைத் திருத்தியமைக்காது வாகனத்தைத் தாழ்த்திவிட்டால், பாரமில்லாத வேளையிலும் பாரம் இருப்பதாகவே வால்வு கொள்ளும். ஈரவீதியிற் பிறேக்கை அழுத்தும்போது பின்சக்கரங்கள் இறுகிப் பிக்கப் பக்கவாட்டில் வழுக்கும். இதனைக் கேட்ட மருமகனின் முகம் சற்றே மாறியது.

அப்படியாயின் ரெயிலர் மூக்கைத் தூக்கியவாறே செல்லட்டும் என்று விடலாமா? விடலாகாது. இதற்குரிய விடை எனக்குப் பௌதிக நூலிலிருந்து வரவில்லை. பாட்டனாரின் மாட்டு வண்டிலிலிருந்து வந்தது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் அரிதாயிருந்த ஆண்டுகளில் அவ்வண்டில் மீண்டும் உழைப்புக்கு வந்தது. சிறுவனாகிய நான் விறகும் வைக்கோலும் ஏற்ற உதவுவேன். "முன்பாரமா பின்பாரமா பார்த்துச் சொல்லடா தம்பி" என்பார் பாட்டனார். பின்பாரமாயின் ஏர்க்கால் மேலெழுந்து மாடுகளின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் பிடரியை அழுத்திப் புண்ணாக்கும். சிறிதளவு முன்பாரமே வண்டிலுக்குச் சுகம். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஓரிரு கட்டு விறகை முன்னோ பின்னோ நகர்த்திவிட்டே அவர் மாடு பூட்டுவார்.

இக்காலத்து ரெயிலருக்கும் அதுவே விதி. அமெரிக்க வழக்கில் ரெயிலரின் மொத்தப் பாரத்தில் 100க்கு 10 முதல் 15 வரையிலான பங்கு கொழுவியில் இருத்தல் வேண்டும் என்பர். ஐரோப்பிய வழக்கில் அது குறைவு. அப்பங்கு மிகக் குறைந்தால் ரெயிலர் வால்போல் இருபுறமும் அலைந்து, இழுக்கும் வாகனத்தையும் புரட்டிவிடும். தண்ணீரோ விறகைப்போல் வைத்த இடத்தில் இருப்பதன்று. தாங்கி அரைவாசி நிரம்பியிருக்க, ரெயிலர் மூக்குயர்ந்து நின்றால், தண்ணீர் பின்னோக்கி ஓடும், முன்பாரம் பின்பாரமாகும்.

நண்பர் கரும்பலகையில் கணக்கிட்டார். தண்ணீர் 1,000 கிலோ, ரெயிலரும் தாங்கியும் 300 கிலோ, ஆக 1,300. பிக்கப்பின் கைந்நூல் விதித்த எல்லைக்குள் அது அடங்கியது. கொழுவிக்குரிய பாரம் 130 கிலோ. கொழுவியோ பின்னச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3 மீற்றர். ஆகவே பின்னச்சில் 182 கிலோ ஏற, முன்னச்சிலிருந்து 52 கிலோ இறங்கும். திருப்புவது முன்சக்கரம், அதன் பிடியே குறைகின்றது. எனவே கொழுவியில் மிகுந்த பாரமும் நன்றன்று.

இறுதியிற் கண்ட முடிவு எளியது. தாழவேண்டியது வாகனமன்று, கொழுவியே. 4 அங்குலம் கீழ்நோக்கி இறங்கிய உறுதியான கொழுவித் தண்டு ஒன்றை வாங்கிப் பூட்டினோம். தாங்கியை நிரப்பி, கொத்தனாரிடம் இரவல் பெற்ற மட்டப்பலகையை ரெயிலர்ச் சட்டத்தில் வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ மட்டம், மூக்கு ஓர் இழை தாழ்ந்திருந்தது. அதுவே விரும்பத்தக்கது. தாங்கியினுள் தண்ணீர் அலைமோதாதிருக்கத் தடுப்புத் தகடுகள் உள்ளன என்பதையும் பார்த்துக்கொண்டோம். முழுதாக நிரப்பிச் செல்வது, வெறுமையாக்கித் திரும்புவது, பாடசாலை வீதியில் மெல்லச் செல்வது என மருமகன் தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்டான். வாகனத்தின் வடிவைப் பற்றி அவன் பின்னர் பேசவில்லை. ஒருநாள் அவனே ரெயிலரின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்து, "முன்பாரம் காணும் மாமா" என்றான். அச்சொல் என் பாட்டனாரோடு போய்விட்டது என்றே எண்ணியிருந்தேன்.

வண்டியின் அச்சைக் கொண்டு அளவறிதலை விளக்கிய வள்ளுவர், அதனை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். ஆண்டுதோறும் அதனை வகுப்பிற் கற்பிக்கின்றேன். இப்போது கற்பிக்கும்போது மாணவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, வாகனத்தின் அச்சையும் தகட்டையும் காட்டிய பின்னரே நூலைத் திறக்கின்றேன். கலைப்பிரிவு மாணவரும் கேள்வி கேட்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! வில்லுத்தகடு பாரத்தின்கீழ்த் தாழ்கின்றது; பாரம் நீங்கியதும் நிமிர்கின்றது. அத்தாழ்வு அதன் வலிமையினால் வருவது. தகட்டைக் கழற்றி வருவித்த தாழ்வோ வலியிழந்த தாழ்வு. இரண்டும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். குனிந்து கீழே பார்த்தவனுக்கே வேற்றுமை தெரியும். எத்தொழிலைக் கைக்கொண்டாலும் குனிந்து பார்க்கக் கூசாதீர்கள். அறிந்தவரிடம் கேட்கவும் நாணாதீர்கள். பல்லாண்டுகளாக இக்கல்லூரி தன் பிள்ளைகளுக்குப் பழக்கிவந்தது அதுவே. அப்பழக்கம் மேலும் வளர்க என வாழ்த்துகின்றேன்.