ரேடியேட்டர் மீது பழி போடாதீர்கள்

எங்கள் பழைய லாரி பைபாஸில் ஓடும்வரை டெம்பரேச்சர் முள் அசையாது. சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போதுதான் சிவப்பைத் தொடும். பார்த்தவர்கள் எல்லாம் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் போகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், சின்ன கியரில் ஊரும்போது ஃபேன்தான் கதி என்றார்.

சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுண்டினார். பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபேன் கிளட்ச் நடுவே சிலிக்கோன் ஆயில் கசிந்து, புழுதி அப்பி, கறுப்பாகப் படிந்திருந்தது. சூடேறும்போது ஃபேனை இன்ஜினோடு சேர்த்து இழுப்பதே அந்த ஆயில்தான். அது போனால் ஃபேன் பேருக்குத்தான் சுற்றும். ஒரு இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் வேறு. அது ஓட்டத்தில் உடைந்திருந்தால் ரேடியேட்டரையும் கிழித்திருக்கும்.

ஃபேன், கிளட்ச், பெல்ட் மூன்றையும் மாற்றினோம். ரேடியேட்டர் பழையதேதான். அதே லோடு, அதே ஏற்றம், முள் பாதியைத் தாண்டவில்லை. காரணம் தெரிந்த பிறகே ஸ்பேனரைத் தொடும் அந்த அண்ணன் மாதிரி ஆட்கள் பட்டறைக்குப் பட்டறை வேண்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, ரேடியேட்டருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஃபேனைச் சுண்டிப் பாருங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு மட்டும்.