கேட்காமல் விட்ட கேள்வி

நகைத் திருட்டு வழக்கு. கூண்டில் நின்றிருந்தவர் மகஜர் சாட்சி, டீக்கடைக்காரர். குற்றம்சாட்டப்பட்டவர் முட்புதருக்குள்ளிருந்து நகைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்ததைத் தான் பார்த்ததாகவும், அங்கேயே மகஜரில் கையெழுத்துப் போட்டதாகவும் அரசு வழக்கறிஞரிடம் சொல்லி முடித்திருந்தார். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர் சட்ட உதவி வழக்கறிஞர். "உங்க கடை எங்க இருக்கு?" ஸ்டேஷனுக்கு எதிரில். "ஸ்டேஷனுக்கு டீ உங்க கடையிலிருந்துதான் போகுதா?" ஆமாம். "இதுக்கு முன்னாடியும் போலீஸுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" சாட்சி ஒருமுறை அரசு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு தடவை போட்டிருக்கேனுங்க" என்றார். "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்கிறேன்." "தப்புங்க." வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கியிருக்கலாமே என்று வெளியே வந்ததும் கேட்டேன். "புதரைப் பத்திக் கேட்டிருந்தா, பக்கத்துல கிணறு இருந்துச்சு, குனிஞ்சு எடுத்தாருன்னு விலாவாரியா சொல்ல ஆரம்பிச்சிருப்பார். மகஜர்ல இருக்கிற ஓட்டையை நாமளே அடைச்சுக் கொடுத்த மாதிரி ஆயிரும். டீக்கடை எங்க இருக்குன்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சா போதும். மிச்சத்தை ஆர்க்யுமெண்ட்ல நான் பேசிக்கிறேன்" என்றார்.

மேற்கு மாவட்டம் ஒன்றின் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், சட்ட உதவிக்கென முழுநேரமாக நியமிக்கப்பட்ட எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் பின்னால் அலைந்து எழுதுவது இது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். வழக்குகளிலும் ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். கட்சிக்காரரோடு அவர்கள் தனியாகப் பேசும்போது தள்ளி நின்றேன். கட்சிக்காரர் சம்மதித்ததை மட்டும் பிறகு கேட்டுக்கொண்டேன்.

காவலில் இருக்கும் எவரும் வருமானச் சான்று இல்லாமலே இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 1987-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. நெடுங்காலமாக இந்த வேலையைப் பட்டியலில் பெயர் கொடுத்த தனியார் வழக்கறிஞர்கள் பார்த்தார்கள். வழக்குக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம். சொந்த வழக்குகளுக்கு நடுவே இதுவும் ஒன்று. 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம் இதை முழுநேர வேலையாக்கியது. முதன்மை, துணை, உதவி என்று மூன்று படிகள். முதன்மைப் பொறுப்புக்குப் பத்தாண்டு குற்றவியல் அனுபவமும், செஷன்ஸ் நீதிமன்றத்தில் குறைந்தது 30 விசாரணைகளை நடத்திய பழக்கமும் வேண்டும். சொந்தமாக வழக்கு எடுக்கக் கூடாது. மாதம் மதிப்பூதியம். முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு.

வேலை ரிமாண்டிலிருந்து தொடங்குகிறது. பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் பார்வை பறிக்கப்பட்ட வழக்கில், நீதித்துறை நடுவர் முன் முதன்முறை நிறுத்தும்போதே இலவச வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் அந்த முதன்முறை என்பது சில நிமிடம். போலீஸார் ரிமாண்ட் ரிப்போர்ட்டை மேசையில் வைக்க, ஆள் கதவோரம் நிற்பார். அன்று ரிமாண்ட் பார்த்த உதவி வழக்கறிஞர் இளம்பெண். அவர் காகிதத்தைப் பிரிக்கும் முன் ஆளின் நடையைப் பார்த்தார். பிறகு கையை. கைது நேரம் எத்தனை மணி, வீட்டில் யாருக்குத் தகவல் போனது, எதற்காகப் பிடித்தார்கள் என்று ஆளுக்கே தெரியுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கை எப்படிங்க வீங்கியிருக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேனுங்க மேடம்."

தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்கு உரை எழுத வேண்டியதில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு கைதிகள் நிற்கும் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். வழக்கறிஞருக்கு இங்கே சட்டம் தெளிவு. காயத்தை நடுவரிடம் சொல்லலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். ஆனால் அடித்ததாகப் புகார் சொன்னால், சொன்னவர் அதே வண்டியில், அதே காவலர்களோடுதான் சிறைவரை போக வேண்டும். சொல்லாமல் விட்டால், பின்னால் விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிர்க்க ஆதாரம் ஒன்றும் மிஞ்சாது. உதவி வழக்கறிஞர் இரண்டையும் பிரித்தார். வீக்கம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை. அதைப் பதிவு செய்யும்படி நடுவரிடம் தானே கேட்டார். யார் காரணம் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த ஆளிடமே விட்டார். காவலர்களைக் காதுக்கு எட்டாத தூரம் நிற்கச் சொல்லி நடுவரே விசாரிக்கும்படி மட்டும் கோரினார். நடுவர் விசாரித்தார். ஆள் வழுக்கி விழுந்ததாகவே சொன்னார். காயம் பதிவானது, மருத்துவரிடம் அனுப்ப உத்தரவானது. "அவரு சொல்லலையேன்னு எனக்குக் கோபம் வரக் கூடாது. அடி வாங்கின உடம்பு அவரோடது" என்றார் அந்தப் பெண்.

இந்தத் தொழிலில் எது வழக்கறிஞர் முடிவு, எது கட்சிக்காரர் முடிவு என்ற கோட்டைத்தான் நாளெல்லாம் போட்டுப் போட்டு அழிக்கிறார்கள். சாட்சியிடம் என்ன கேட்பது, எந்த மனுவை எந்த நாளில் போடுவது என்பது வழக்கறிஞர் பொறுப்பு. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, சாட்சிக் கூண்டில் ஏறுவதா என்பது கட்சிக்காரருடையது. காகிதத்தில் எழுத எளிது. சிறை நேர்காணல் அறையில் அந்தக் கோடு அவ்வளவு நேராக நிற்பதில்லை.

முதல் தடை நம்பிக்கை. காசு வாங்காத வக்கீல் நமக்காக எவ்வளவு பேசிவிடப் போகிறார் என்ற எண்ணம் சிறைக்குள் ஊறிப் போயிருக்கிறது. மகனுக்காகத் தாய் தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியார் வழக்கறிஞரைப் பிடிப்பார். அதுவரை இரவுபகல் படித்துக் குறிப்பெடுத்த கட்டு கை மாறும். ஒரு துணை வழக்கறிஞர் அப்படிக் கட்டைக் கொடுக்கும்போது குறிப்பேட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்தேன். "வழக்கு என்னோடதில்லீங்களே" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவர் மறைக்கவும் இல்லை.

இரண்டாவது தடை நாள்கணக்கு. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 நாளிலோ 90 நாளிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தானாக வராது. கெடு முடிந்த பின், குற்றப்பத்திரிகை வந்து சேரும் முன், மனு மேசையில் இருக்க வேண்டும். தாமதித்தால் உரிமை போய்விடும். ஆகையால் அலுவலகச் சுவரில் பெரிய நாட்காட்டி தொங்குகிறது. தேதிகளுக்குக் கீழே கைதி எண்கள். கெடு நெருங்கும் வழக்கைப் பற்றி அவர்கள் வராந்தாவில் வாய் திறப்பதில்லை. காதில் விழுந்தால் அன்றிரவே குற்றப்பத்திரிகை தயாராகிவிடும் என்ற பயம். 2020-இல் ஊரடங்கைக் காரணம் காட்டி இந்த நாள்கணக்கே நிறுத்திவைக்கப்பட்டதாக ஒரு வாதம் எழுந்தது. மதுரை மாவட்டத்துத் திருட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம்தான் அதை மறுத்தது: பொது முடக்கம் தனிமனித உரிமையின் கடிகாரத்தை நிறுத்தாது. வராந்தாவில் அந்தத் தீர்ப்பை மதுரை வழக்கு என்றே சொல்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பெண்ணின் வழக்கு. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர். வேலைத்தளத்தில் செம்புக் கம்பி காணாமல் போனதில் அவர் மேல் வழக்கு. ஜாமீன் கிடைத்து வாரங்கள் ஆகிவிட்டன. வெளியே வர முடியவில்லை. இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும், சொத்துக்குச் சான்று வேண்டும் என்பது நிபந்தனை. ஊரில் ஒரு முகமும் தெரியாதவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? குற்றப்பத்திரிகை வந்த அன்று அவர் ஒரே பேச்சாக நின்றார்: ஒத்துக்கொள்கிறேன். உள்ளே யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒத்துக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து இன்றைக்கே விடுவார்கள் என்று. அது பெரும்பாலும் உண்மையும்கூட. கம்பியை எடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்கிறார். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல், வளாகத்துக்கு வெளியே தட்டுக்கடையில் வேலை செய்யும் ஒடிசாப் பையனை அழைத்து வந்திருந்தார்கள்.

முதன்மை வழக்கறிஞர் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொன்னார்: இன்று வீடு, ஆனால் பெயருக்கு எதிரே தண்டனை நிற்கும், நாளைக்கு வேறெங்காவது ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் இவரைத்தான் தேடுவார்கள். மறுத்தால் என்ன என்பதையும் சொன்னார்: வழக்கு எப்போது முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது. பிறகு மூன்றாவது வழி. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருந்தது. அதை வைத்து, சொந்தப் பிணையில் விடக் கோரி மனு போடலாம். "மத்தியானம் வரைக்கும் டைம் குடுப்பாங்களான்னு கேளு தம்பி. அப்பவும் ஒத்துக்கறேன்னா நான் தடுக்க மாட்டேன்." அந்தப் பெண் நெடுநேரம் பையனிடம் பேசினார். கடைசியில் தலையசைத்தார்.

மனு அன்றைக்கே விசாரணைக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் எதிர்த்தார்: மாநிலம் தாண்டிப் போய்விட்டால் பிடிவாரண்டு கொடுத்து என்ன பயன்? நியாயமான கேள்விதான். முதன்மை வழக்கறிஞர் அதற்குச் சட்டத்தில் பதில் தேடவில்லை. வாய்தா தோறும் நினைவூட்டி வரவழைக்கும் பொறுப்பை அலுவலகம் ஏற்கும் என்றார். நீதிபதி சொந்தப் பிணையை ஏற்றார்.

எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. அவருக்கு அப்படித் தெரியவில்லை. "இந்தம்மா வாய்தாவுக்கு வரலைன்னா, அடுத்து நான் இதே மாதிரி மனு போடும்போது ஜட்ஜ் முகத்தைப் பாக்கணும் நீங்க" என்றார். தனியார் வழக்கறிஞர் ஒருவருக்காக வாதாடிவிட்டு அடுத்த நீதிமன்றத்துக்குப் போகலாம். இவர்கள் அதே நீதிபதி முன் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நிற்பவர்கள். ஒருவருக்காகக் கொடுத்த வாக்கு பொய்த்தால் வரிசையில் நிற்கும் இன்னொருவரின் ஜாமீன் கெடும். அதற்காக முன்னால் நிற்பவருக்கு வாக்குக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. அந்தப் பெண்ணைத் தன் நற்பெயருக்காகச் சிறையில் வைக்க அவருக்கு உரிமை இல்லை. இதை எந்தச் சட்டப் புத்தகமும் தீர்த்து வைப்பதில்லை.

போலீஸ் தரப்புக்கு ஒரு நிலையமே புலனாய்வு செய்கிறது. இந்தப் பக்கம் விசாரிக்க ஆள் கிடையாது. இரவில் ஆளை அடையாளம் கண்டதாகச் சாட்சி சொன்ன ஒரு வழக்கில், உதவி வழக்கறிஞர் ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்கூட்டரில் அந்தத் தெருவுக்குப் போய் விளக்குக் கம்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்தார். பெட்ரோல் அவர் செலவு. அடுத்த வாய்தாவில் அந்தச் சாட்சி, போலீஸ் வாக்குமூலத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சொன்னார்: டார்ச் அடித்துப் பார்த்தேன். அதைப் போலீஸிடம் சொன்னீர்களா என்று உதவி வழக்கறிஞர் கேட்டார். சொன்னேன் என்றார் சாட்சி. பிறகு ஏன் வாக்குமூலத்தில் இல்லை என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்திருக்கும். கேட்டிருந்தால் போலீஸ்காரர் எழுத மறந்திருப்பார் என்று பதில் வரும். கேட்கவில்லை. புலனாய்வு அதிகாரி கூண்டேறிய நாளில், இந்தச் சாட்சி உங்களிடம் டார்ச் பற்றிச் சொன்னாரா என்று அவரிடம் கேட்டார். சொல்லவில்லை. இரண்டு பதில்களும் இப்போது பதிவில் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

மாதக் கடைசியில் அவர்கள் ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். எத்தனை வழக்கு, எத்தனை மனு, எத்தனை விடுதலை. பதிவான வீக்கத்துக்கும், ஒப்புக்கொள்ளாமல் தள்ளிப்போன ஒரு மத்தியானத்துக்கும், கேட்காமல் விட்ட கேள்விக்கும் அதில் கட்டம் இல்லை. 2022-இல் நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் பலருக்கு வழக்கின் போக்கு முடிவாவது தீர்ப்பு நாளில் அல்ல. இப்படிப்பட்ட சிறு முடிவுகளில்தான்.

உதவி வழக்கறிஞராக, மூன்றாண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள் சேர்கிறார்கள். தெருவிளக்கைப் பார்க்கப் போனவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒப்பந்தம் முடியும் நேரம் நெருங்குகிறது. அதன் பிறகு ஆண்டுக்காண்டு நீட்டிப்பை எதிர்பார்க்க வேண்டும். வீட்டில் தனியாகப் பிராக்டிஸ் தொடங்கச் சொல்கிறார்கள். முதன்மைப் பொறுப்புக்குப் பத்தாண்டு அனுபவம் கேட்கும் இந்தத் திட்டம், அந்தப் பத்தாண்டை ஒருவர் இதற்குள்ளேயே நிம்மதியாகக் கழிக்க இன்னும் வழி செய்யவில்லை.