திண்டுக்கல் மலைக்கோட்டையும் பேகம்பூரும்

விடுமுறை வந்துவிட்டால் மைசூர் அரண்மனைக்கும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். நல்லதுதான். ஆயினும், கொடைக்கானல் போகும் வழியில் திண்டுக்கல்லில் இறங்கும் நம்மில் எத்தனை பேர் அவ்வூர் மலைக்கோட்டையில் ஏறியிருக்கிறோம்? பிரியாணி உண்டு, பூட்டு வாங்கி, பேருந்து ஏறிவிடுகிறோம். இம்முறை அரை நாள் ஒதுக்கி என்னுடன் வாருங்கள்.

காலையிலேயே ஏறிவிடுவது நலம். வெயில் முற்றினால் பாறை சுடும். 1605-இல் மதுரை மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டிய கோட்டை இது. திருமலை நாயக்கர் காலத்தில் மேலும் வலுப்பெற்றது. உச்சியில் பழங்கோயில் ஒன்றும் உண்டு. இன்று இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பராமரித்து வருகிறது.

1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்தவர் ஹைதர் அலி. பிரெஞ்சு வல்லுநர்களைக் கொண்டு இங்கே ஆயுதசாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவருடைய எழுச்சிக்கு இவ்வூர் ஒரு படிக்கட்டு. 1772-இல் கணவரையும் நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், அருகிலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். ஹைதரின் படையுதவியுடன் 1780-இல் நாட்டை மீட்டார்.

1783-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி அது திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790-இல் மீண்டும் வீழ்ந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பெனிக்கே உரியதாயிற்று.

நிற்க. மலையிலிருந்து இறங்கிப் பேகம்பூருக்கு வாருங்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், பள்ளிவாசலும் அருகிலுண்டு. கோட்டையைப் பிடித்த தளபதிகளின் பெயர்களைப் புத்தகங்களில் தேட வேண்டியிருக்கிறது. வாளேந்தாத இந்தப் பெண்மணியின் பெயரையோ ஊரார் நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு இதை அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். கோட்டைச் சுவர்களில் ஆணியால் பெயர் கிறுக்கியிருப்பதைக் கண்டு மனம் நொந்தேன். நாயக்கர் எழுப்பிய மதில், ஹைதர் வலுப்படுத்திய அரண், மலைமேல் கோயில், அடிவாரத்து நகரில் பேகத்தின் அடக்கத்தலம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே திண்டுக்கல்லின் வரலாறு. ஒன்றை மட்டும் போற்றி மற்றதை மறைப்பதும் ஒருவகைக் கிறுக்கல்தான். முன்னோர் விட்டுச் சென்ற இந்த அமானிதத்தைச் சேதமின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போமாக!