கெஸ்ட் பிளேயர்

கருங்குழி என்றதும், ‘வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர்தானே?’ என்று கேட்பார்கள். அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. நான் சொல்வது, சென்னையிலிருந்து வரும்போது மதுராந்தகத்துக்கு முந்தின கருங்குழி. 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி என்று பல கை மாறிய கோட்டை ஒன்று இங்கே இருந்தது. இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பறக்கிற பஸ்காரர்களுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

எங்களுக்குக் கோட்டை பெரிய விஷயமில்லை. கபடிதான் விஷயம்.

1994-ல் எனக்கு 19 வயது. ஊர் டீமில் ரைட் கார்னர். ரெய்டு வருகிறவன் கணுக்காலை எட்டிப் பிடிப்பது என் வேலை. காணும் பொங்கல் அன்று ராத்திரி டோர்னமென்ட். ட்யூப் லைட் கட்டி, மண்ணைச் சலித்துக் கொட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். எடை பார்க்க அரிசி மண்டித் தராசு. முதல் பரிசு 3,001 ரூபாயும் ஒரு ஷீல்டும்.

அரை இறுதிக்கு முன்னால் டீம் மேனேஜர் என் தோளில் கை போட்டார். தோளில் கை போட்டாலே விவகாரம்தான், உங்களுக்குத் தெரியும்.

‘‘தம்பி, நீ கொஞ்சம் ஒக்காரு. விழுப்புரம் பக்கத்துலேர்ந்து ஒரு கெஸ்ட் வந்திருக்கான்.’’

கெஸ்ட் என்றால் விருந்தாளி அல்ல. கூலிக்கு ஆடுகிறவர். ஒவ்வொரு டீமும் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரை இறக்கிக்கொள்ளலாம் என்பது டோர்னமென்ட் கமிட்டியின் விதி. இருநூறு ரூபாய், பஸ் சார்ஜ், ஒரு பிரியாணிப் பொட்டலம். அவ்வளவுதான் சம்பளம்.

வந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஒல்லி. சட்டையைக் கழற்றி மடித்தார். ஹெச்.எம்.டி. வாட்ச்சை அவிழ்த்தார். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்து இரண்டையும் நீட்டினார். ‘‘வெச்சிரு தம்பி.’’

என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, என்னையே சட்டைக்குக் காவல் வைக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாட்ச்சைக் கொண்டுபோய் ஏரியில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசி ரெய்டில் எதிராளியின் காலைப் பிடித்து அவர்தான் ஜெயிக்க வைத்தார். ஊரே என் கார்னரில் நின்ற ஆளைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அதற்கப்புறம் நான் கோர்ட்டுக்குள் இறங்கவில்லை. டைப்ரைட்டிங், வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது.

அந்தக் கோபம் மட்டும் கூடவே வந்தது. இப்போது டி.வி-யில் புரோ கபடி பார்க்கும்போதும் என் கண் கார்னரில்தான் இருக்கும்.

அப்படித்தான் தர்மராஜ் சேரலாதனைக் கவனிக்க ஆரம்பித்தேன். நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். ரெய்டு போய்ப் பேர் வாங்குகிறவர் இல்லை, நின்று பிடிக்கிறவர். 2014-ல் புரோ கபடி தொடங்கியபோதே அவருக்கு 39 வயது. மற்றவர்கள் ஓய்வுபெற்று கோச் ஆகிற வயது. இவரோ பெங்களூரு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று சட்டை மாற்றி மாற்றி ஆடினார். 2016-ல் கேப்டனாக பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியில் இருந்தார். அப்போது வயது 41. அடுத்த சீசனில் பாட்னாவில் இல்லை, புனேயில் இருந்தார். 2019-ல் ஹரியானாவுக்கு கேப்டன். போன இடமெல்லாம் சின்னப் பையன்கள் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். தமிழ் வார்த்தை ஹரியானா வரை போனது இப்படித்தான். தமிழ் தலைவாஸ் டீம் 2017-லேயே வந்துவிட்டது. ஆனால், ஆட்டக்காரராக அந்தச் சட்டை அவருக்கு அமையவில்லை. 2024-ல் பயிற்சியாளர் குழுவில் ஒருவராகத்தான் சொந்த மாநிலத்து டீமுக்கு வந்தார்.

வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். தொழில் கற்று முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவன், யார் கூப்பிட்டாலும் போய் நாள் கூலிக்கு வேலை செய்பவன் என்று பழைய அர்த்தம். அமெரிக்கா, கனடா ஐஸ் ஹாக்கியில் மைக் சில்லிங்கர் என்று ஒருவர். என்.ஹெச்.எல். லீகில் 12 அணிகளுக்கு ஆடியவர். 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். 2003-ல் ஒருநாள் கொலம்பஸ் டீம் அவரை டல்லாஸுக்குக் கொடுத்தது. அன்றைக்கே டல்லாஸ் அவரை ஃபீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டது. டல்லாஸ் சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை! அந்த லீகின் ஸ்டான்லி கோப்பை கடைசி வரை அவர் கைக்கு வரவில்லை.

இவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ரொம்பக் கெட்டிக்காரர்கள் என்றால் யாரும் விட மாட்டார்கள். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் ஒரு முழு ஆயுசை ஓட்டுவது எப்படி என்று யோசித்ததுண்டு. பதில் பாசஞ்சர் ரயிலில் கிடைத்தது.

சில மாதங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கருங்குழியில் ஏறி உட்கார்ந்தால், எதிர் ஸீட்டில் செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஒரு பெரியவர். ஒரு காலை நீட்டியபடி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

‘‘கருங்குழியா சார்? உங்க ஊர்ல கபடி ஆடியிருக்கேன். பொங்கலுக்கு.’’

எந்த வருஷம் என்று கேட்டேன். வருஷம் ஞாபகம் இல்லை. ஷீல்டு ஞாபகம் இருந்தது, கடைசி ரெய்டு ஞாபகம் இருந்தது. எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது.

‘‘அண்ணா... அன்னிக்கு உங்க வாட்ச்ச வெச்சிருந்தது நான்தான்.’’

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். ‘சார்’ போய் ‘தம்பி’ ஆனது.

படாளம் தாண்டுவதற்குள் தன் கதையைச் சொல்லிவிட்டார். பதினோரு டீமுக்கு ஆடியிருக்கிறார். எடை காட்டுவதற்காக ரெண்டு நாள் சாப்பிடாமல் போன டோர்னமென்ட்டுகள் உண்டு. ஒரே ராத்திரியில் ரெண்டு ஊரில், ரெண்டு பேரில் ஆடியதும் உண்டு. ஒரு வருஷம் எந்த ஊரைத் தூக்கி நிறுத்தினாரோ, அடுத்த வருஷம் அதே ஊருக்கு எதிராக நின்று திட்டு வாங்கியிருக்கிறார். ஒரு டிபார்ட்மென்ட் டீம், வேலை போட்டுத் தருகிறோம் என்று மூன்று வருஷம் கூப்பிட்டு ஆட வைத்தது. நாலாவது வருஷம் வயது தாண்டிவிட்டது என்றார்களாம். முட்டி போனது மட்டும் மிச்சம்.

‘‘வருத்தமா இல்லியாண்ணா?’’

‘‘இல்லேன்னு சொன்னா பொய்யி. ஆனா ஒண்ணு தம்பி. பதினோரு டீமு என்னை வேணாம்னு சொல்லியிருக்கு. அதே பதினோரு டீமுதானே என்னை வேணும்னு கூப்புட்டுச்சு?’’

முப்பது வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். ‘‘அவ்ளோ பேர் இருந்தாங்க. ஏன் வாட்ச்ச எங்கிட்ட குடுத்தீங்க?’’

சிரித்தார். ‘‘போற ஊர்லல்லாம் ஒரு பையன் ஓரமா உக்காந்துக்கினு இருப்பான். என்னாலதான் உக்காந்திருப்பான். மொதல்ல அவனைத்தான் தேடுவேன். அவங்கிட்டதான் வாட்ச்சு, துட்டு எல்லாம் குடுப்பேன். மத்தவன்லாம் வேடிக்கை பாக்க வந்தவன், பாதியில எழுந்து போயிடுவான். இவன் போவ மாட்டான். கடைசி ரெய்டு முடியற வரைக்கும் கோட்டையே பாத்துக்கினு இருப்பான். ஒரு தடவை கூட எதுவும் தொலைஞ்சதில்ல.’’

ஏரியில் போட நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஏழெட்டு கம்பெனி மாறி வந்தவர். ‘ஒரு இடத்துல நிலைக்க மாட்டான்’ என்று முதுகுக்குப் பின்னால் பேசுவோம். எதற்கும் ஒருமுறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கெல்லாம் இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் இடத்துக்கு வந்தவராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். நான் கேட்க முப்பது வருஷம் ஆனது.

செங்கல்பட்டு வந்தது. எலெக்ட்ரிக் டிரெய்ன் மாற வேண்டும். கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தவர், டிபன் கேரியர் பையை என் பக்கம் நீட்டினார்.

‘‘வெச்சிரு தம்பி. எறங்கிட்டு வாங்கிக்கறேன்.’’

வாங்கிக்கொண்டேன்.