இடம் தரும் பொருள்

ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தின் ஒரு கட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். களத்தில் மூன்று சிறு படைவீரர்கள் வரிசையாக நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தாக்குதல் 1, உயிர் 1. எதிரே ஒரே ஒரு காவல்வீரன். தாக்குதல் 1, உயிர் 2. 'டான்ட்' ஆற்றல் பெற்றவன் ஆதலால் அவனை வீழ்த்தாமல் எதிராளியின் நாயகனைத் தொட இயலாது. அந்த நாயகனுக்கு எஞ்சியிருக்கும் உயிர் 4. ஆடுபவர் கையில் 'டயர் உல்ஃப் ஆல்ஃபா' என்னும் ஓநாய்ச் சீட்டு ஒன்று உள்ளது. இறங்கிய சுற்றில் அது தாக்காது. ஆனால் இருபுறமும் தன்னை ஒட்டி நிற்போரின் தாக்குதலில் ஒன்றைக் கூட்டும்.

புதிதாக ஆட வருபவர் கை போன போக்கில் அச்சீட்டை வலக்கோடியில் வைக்கிறார். மூன்றாம் வீரனின் தாக்குதல் 2 ஆகிறது. அவன் காவல்வீரனை வீழ்த்தித் தானும் மடிகிறான். வரிசை நெருங்க, இரண்டாம் வீரன் ஓநாயின் அயலாகி 2 பெறுகிறான். முதலாமவன் 1 உடனேயே நிற்கிறான். கூட்டினால் 3. எதிராளி ஓர் உயிரோடு பிழைக்கிறார்.

அதே சீட்டை இரண்டாம், மூன்றாம் வீரர்களுக்கு இடையில் வைத்திருந்தால் இருவருமே வலுப்பெற்றிருப்பர். இரண்டாமவன் காவல்வீரனோடு பொருது மடிந்ததும், முதலாமவன் நகர்ந்து ஓநாயின் அருகில் வருவான். அவனுக்கு 2, மூன்றாமவனுக்கு 2. கூட்டினால் 4; ஆட்டம் முடிந்தது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஓநாயைச் சரியான இடத்தில் வைத்த பிறகும், மூன்றாமவனை முதலில் அனுப்பினால் மீண்டும் 3 தான் கிடைக்கும். திருக்குறளில் காலமறிதலும் இடனறிதலும் 49, 50 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து அமைந்திருப்பதன் பொருத்தம் இந்தச் சிறு களத்திலும் விளங்கும்.

இரு ஆட்டங்களிலும் சீட்டுகள் ஒன்றே, எண்களும் ஒன்றே. வேறுபட்டது யார் அருகில் யார் நின்றார், யார் முதலில் நகர்ந்தார் என்பது மட்டுமே.

எல்லாச் சீட்டாட்டங்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. 1993 இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில், களத்திலுள்ள உயிரிகள் இடமிருந்து வலமாக எந்த வரிசையில் கிடந்தாலும் பொதுவாக ஒன்றுதான். ஒவ்வொரு சீட்டும் தன் வேலையைத் தன்மீதே எழுதிக்கொண்டு வருகிறது. இதைத் தமிழின் வேற்றுமை உருபோடு ஒப்பிடலாம். 'கண்ணன் கந்தனைக் கண்டான்' என்றாலும் 'கந்தனைக் கண்ணன் கண்டான்' என்றாலும் கண்டவன் கண்ணனே. 'ஐ' உருபு சொல்லோடு ஒட்டி வருவதால் சொல்லின் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு பெயர்ச்சொல்லில் இல்லை; இரு பெயர்களை இடம் மாற்றினால் கண்டவனும் காணப்பட்டவனும் மாறிவிடுவர். 2014 இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் இந்த இரண்டாம் வகையை நெருங்குகிறது. அதில் இடமும் இலக்கணத்தின் ஓர் உறுப்பு.

மொழியில் ஓர் உறுப்பின் மதிப்பை விளக்க, ஃபெர்டினான் டி சொசூர் சதுரங்கத்தை உவமையாக்கினார். அவருடைய விரிவுரைகளிலிருந்து தொகுக்கப்பெற்று 1916 இல் வெளிவந்த நூலில் அவ்வுவமை இடம்பெறுகிறது: காயின் மதிப்பு அது பலகையில் நிற்கும் நிலையைப் பொறுத்தது. ஆயினும் சதுரங்கத்தில் கட்டங்கள் முன்பே வரையப்பட்டுள்ளன. காய் வெட்டுண்டாலும் கட்டம் அங்கேயே இருக்கும். ஹார்த்ஸ்டோனில் கட்டமே இல்லை, அயலார் மட்டுமே உண்டு. ஒருவர் மடிந்தால் வெற்றிடம் நிற்பதில்லை. இருபுறத்தாரும் நெருங்கிப் புதிய அயலார் ஆகின்றனர். 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பது அதற்கு வாய்த்த அண்டை ஒலிகளால் அன்றோ? அதே உறவுதான் இங்கும் செயல்படுகிறது.

அருகாமை எப்போதும் நன்மையே தரும் என்பதற்கும் இல்லை. 'எக்ஸ்ப்ளோசிவ் ஷாட்' என்னும் சீட்டு குறிவைத்தவரை 5 அளவும் அவருடைய இரு அயலாரை 2 அளவும் தாக்கும். 'பிட்ரேயல்' என்னும் சீட்டோ எதிரியின் வீரன் ஒருவனைத் தன் அயலார்மீதே பாய வைக்கும்; அவன் எவ்வளவு வலியவனோ அவ்வளவுக்கு அவன் பக்கத்தில் நிற்போர்க்குக் கேடு. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர், எதிராளி ரோக் வகுப்பினராயின் தம் வலியவனைக் கோடியில் நிறுத்துவதுண்டு. ஓநாய்க்கு நடுவிடம் நன்று. இவனுக்கு ஓரம் நன்று. எல்லார்க்கும் எப்போதும் நல்லதான இடம் என ஒன்றைச் சுட்ட இயலாது.

2015 இல் வெளிவந்த 'விட்சர் 3' கணினி விளையாட்டினுள் அமைந்த க்வென்ட் சீட்டாட்டத்தில் இடம் வேறு வகையில் தொழிற்படுகிறது. கைகலப்பு, தொலைதாக்கு, முற்றுகை என அங்கே மூன்று வரிசைகள். 'பைட்டிங் ஃப்ராஸ்ட்' என்னும் பனிச்சீட்டு விழுந்தால், கைகலப்பு வரிசையில் நிற்கும் சாதாரண வீரர் அனைவரின் வலிமையும் 1 ஆகச் சுருங்கும். சிறப்பு நாயகர் மட்டும் அதற்குத் தப்புவர். ஒரே வரிசையில் வலிமையையெல்லாம் குவித்தவர் ஒரே சீட்டில் அனைத்தையும் இழப்பார்.

கல்விப்புலத்தார்க்கு இது அந்நியமான செய்தி அன்று. கணிதக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். அங்கே இடத்துக்குத் தனிப்பொருள் இல்லை. உயிரியல் துறைகளிலோ முதற்பெயர் ஒன்றைச் சொல்லும், இறுதிப்பெயர் மற்றொன்றைச் சொல்லும். இடையில் நிற்பவர் தம் உழைப்பைத் தனியே விளக்கியாக வேண்டும். உழைப்பு ஒன்றாயினும், பெயர் நிற்கும் இடம் அதற்கு வேறு பொருள் தந்துவிடுகிறது.

முதலில் கண்ட ஆட்டத்தில் ஓர் உயிர் வேறுபாட்டில் வெற்றியைத் தவறவிட்டு, அடுத்த சுற்றில் தோற்றவர் பெரும்பாலும் சொல்வது இது: "நல்ல சீட்டு வரவில்லை." உண்மையில் சீட்டு வந்திருந்தது, அதற்கு உரிய இடந்தான் கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன் அவர் அந்த ஓநாயைத் தம் கட்டிலிருந்தே நீக்கிவிடவும் கூடும். ஆய்வுக்கூடங்களிலும் துறைகளிலும் ஒரு மாணவரைக் குறித்து "இவரால் ஆகாது" என்று எழுதப்படும் தருணங்கள் உண்டு. அதை எழுதுமுன், அவர் இதுவரை எங்கே, யார் அருகில் நிறுத்தப்பட்டிருந்தார் என்று ஒருமுறை பார்ப்பது நேர்மை. சீட்டைக் குறை கூறுவது எளிது. வரிசையை அமைத்தவர் தம் கையைப் பார்ப்பதுதான் கடினம்.