கன்னத்தில் வைத்துப் பார்

மல்லாபூர்,
ஐதராபாத்.

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். குழியில் சுட்ட பானைகள் உடைந்துபோனதால், அம்மாவின் வளையலை அடகு வைத்து மின்சூளை வாங்கப் போகிறாயாமே? இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது அந்த யோசனையை மூட்டை கட்டி வை. உங்கப்பன் போனில் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. உன்னிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது. என் வாயால் சொல்ல வைக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

உடைந்த சில்லுகளைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டதற்கு, ‘வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுதியளே அத்தை’ என்று கோபித்துக்கொண்டாய். காரணமாகத்தான் கேட்டேன். எப்படி உடைந்தது என்று பார்த்தால் எப்போது உடைந்தது என்று தெரிந்துவிடும். விளிம்பிலிருந்து கீழே ஒரே கோடாக விரிந்திருந்தால், ஒரு பக்கம் சூடு ஏறி மறுபக்கம் ஏறாமல் இருந்திருக்கும். இல்லையென்றால் சூடு தணிவதற்குள் காற்றுப் பட்டிருக்கும். உன் பானைகளில் அந்தக் கோடு எங்கேயும் இல்லை. அடிப்பக்கம் பட்டை பட்டையாகப் பெயர்ந்து தெறித்திருக்கிறது. தீ வைத்த கொஞ்ச நேரத்தில் ‘டப் டப்’பென்று சத்தம் கேட்டதாக நீயே சொன்னாய். அது ஆவியின் வேலை. மண்ணுக்குள் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். கெட்டியான சுவருக்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? அதுதான் வெடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஏட்டி, ஐப்பசி அடைமழையில் குழி வெட்டி எரிக்கச் சொல்லி உன்னிடம் கேட்டது யார்? தரை ஈரம், வரட்டி ஈரம், காற்றே ஈரம். நிழலில் வைத்தது காய்ந்த மாதிரி வெளுத்துத் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. அந்தப் பச்சைப் பானைகளை மின்சூளைக்குள் வைத்து விறுவிறுவென்று சூடேற்றியிருந்தால் அங்கேயும் வெடித்திருக்கும், கூடவே கம்பிச்சுருளும் போயிருக்கும். தப்பு குழியில் இல்லை, உன் அவசரத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருகிற பேச்சு.

இங்கே எனக்கு ஒரு குரு கிடைத்திருக்கிறார் என்று சொன்னேனே, அந்தக் கும்மரி (குயவர்) வீட்டு அவ்வா, அவரிடம் உன் படங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடி இல்லாமலே ஒரு நொடி பார்த்துவிட்டு, ‘இங்கா ஆரலேது’ என்றார். இன்னும் காயவில்லையாம். அவருக்கு மானியும் வேண்டாம், தராசும் வேண்டாம். பானையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, திரும்ப வெயிலுக்குப் போ. குளிரவில்லையென்றால் குழிக்குப் போகலாம். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தை ஒற்றிப் பார். தடிமனான இடம்தான் கடைசியில் காயும். நீ அடியைக் கனமாக விட்டிருக்கிறாய், அதுவும் படத்தில் தெரிகிறது.

அவ்வாவின் பிழைப்பையும் கேள். ஆடி மாதம் போனாலுத் திருவிழா வந்தால் பெண்கள் சாதம் வைத்துத் தலையில் சுமக்கிற பானை, தீபாவளிக்கு அகல், கோடைக்குத் தண்ணீர்ப் பானை. இந்த மூன்று பருவத்தில்தான் வருஷம் ஓட வேண்டும். முன்னெல்லாம் பக்கத்து ஏரியிலேயே மண் எடுத்தார்களாம். இப்போது ஏரிக்கரை வரைக்கும் வீடு வந்துவிட்டது. மண் லாரியில் வருகிறது, அதற்கு விலை வேறு. மகன் நாச்சாரம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். வீட்டுக்குப் பின்னால் சூளை போட்டால் நாலு பக்கமும் இருக்கிற அடுக்குமாடிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, துணி காய்கிற இடத்தில் புகை வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் கீசரா பக்கம் அவர்கள் சொந்தக்காரர் நிலத்தில் எரிக்கிறோம். பானைகளை வைக்கோலில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். உன் வீட்டுக்குப் பின்னால் காலிமனை கிடக்கிறது, அந்த அருமை உனக்குத் தெரியவில்லை.

சரி, அடுத்த தடவைக்குச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். காருகுறிச்சி மண்தானே வாங்குகிறாய்? நல்ல மண்தான், ஆனால் அதை வெறுமனே பிசையாதே. உடைந்துபோனதையெல்லாம் உரலில் இடித்துச் சலித்து வை. நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு அந்த ஓட்டுத்தூளோ ஆற்று மணலோ சேர். ஈரம் வெளியே வர அது வழி விடும், சூட்டையும் தாங்கும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும். பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்று; குழியில் எரிப்பதற்கு மெருகுதான் அழகு. பிறகு வெயில். மாசி பங்குனி வெயிலைப்போல ஓசியில் கிடைக்கிற சூளை உலகத்தில் வேறு இல்லை.

எரிக்கிற அன்றைக்குக் குழிக்குள் முதலில் வெறும் சருகைப் போட்டு எரித்துத் தரையைக் காய வை. பானைகளைச் சின்ன நெருப்பைச் சுற்றி அடுக்கித் திருப்பித் திருப்பிச் சூடாக்கு. கையில் பிடிக்க முடியாத சூடு வந்த பிறகு உள்ளே இறக்கு. அடியில் உமியோ மரத்தூளோ, மேலே பானை, சுற்றிலும் வரட்டி, அதற்கு மேல் விறகு, எல்லாவற்றுக்கும் மேல் ஓட்டாஞ்சில்லு மூடி. குழியில் 700 முதல் 900 டிகிரி வரைக்கும் போகும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கிற மணல் சட்டென்று கொஞ்சம் விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். நீ ஆசைப்பட்டு அன்று ராத்திரியே கிளறினால் அந்தச் சுருக்கத்தில்தான் கீறல் விடும். மறுநாள் சாம்பல் ஆறுகிற வரைக்கும் தொடாதே. மணிப்பூர் வீடியோவில் சுடச்சுட வெளியே எடுக்கிறார்களே என்று கேட்பாய். லோங்பி ஊர்ப் பானை அது. சக்கரமே இல்லாமல் கையால் செய்து, திறந்த நெருப்பில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் இலையால் தேய்த்துக் கறுப்பாக்குவார்கள். அந்த மண்ணில் ஒருவகைக் கல்லைப் பொடித்து நிறையச் சேர்க்கிறார்கள். அந்தப் பொடிதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. உன் மண் தாங்காது.

கறுப்புப் பானை என்றதும் மாமா செய்த கூத்தைக் கேள். நிஜாமாபாத் கறுப்புப் பானைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ‘அதுக்கென்ன, காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் போய்ச் சேர்ந்துவிடலாம், வா’ என்று பையை எடுத்துவிட்டார். அது உத்தரப்பிரதேசத்து நிஜாமாபாத் என்று சொன்னபிறகு, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டவர் சாயங்காலம்தான் இறக்கினார்.

கறுப்பும் சிவப்பும் கலந்து வந்துவிட்டதே, திட்டுத் திட்டாக இருக்கிறதே என்று பிழைத்த ரெண்டு பானைக்கும் நீ குறை சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை. ஆதிச்சநல்லூருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனோமே, கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளைக் குனிந்து குனிந்து பார்த்தாயே. 1899-லிருந்து 1905 வரைக்கும் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினார். அங்கே கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானைகளை யாராவது குறை என்று சொல்கிறார்களா? கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளேயும் விளிம்பிலும் காற்றுப் போகாது, கரி ஏறிக் கறுக்கும். வெளியே காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலிருக்கிற இரும்பு சிவக்கும். மல்லாபூருக்குப் பக்கத்தில் இருக்கிற மௌலாலியிலும் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருந்தன. தாமிரபரணிக் கரையிலும் இந்தத் தெலங்கானாப் பாறைக்காட்டிலும் அந்தக் காலத்து ஜனங்கள் ஒரே மாதிரி கறுப்பும் சிவப்புமாகச் சுட்டிருக்கிறார்கள். நான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாக்கப்பட்டு இங்கே வந்து, இது எந்த ஊரோ என்று உட்கார்ந்திருந்த நாளில் இதெல்லாம் தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன்.

மின்சூளையில் இந்தப் புகை விளையாட்டு வராது. எல்லாம் ஒரே நிறத்தில் வரும். வழவழவென்று மேற்பூச்சு போட்டுக் கோப்பையும் தட்டும் செய்து விற்க வேண்டுமென்றால் அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அந்த வேலையைக் கற்றுக்கொண்ட பிறகும் ஆசை இருந்தால் சொல், பாதிப் பணம் அத்தை தருகிறேன். வளையல் அதன் இடத்தில் இருக்கட்டும்.

ஒரு பயம் எனக்கு. நிறத்துக்காக மயில்துத்தமும் உப்பும் போடப் போவதாகச் சொன்னாயே, சிவப்பும் ஆரஞ்சுமாக அழகாகத்தான் வரும். ஆனால் அந்தப் புகை நல்லதில்லை. முகத்துக்கு வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்காதே, ரசாயனப் புகைக்கு என்று விற்கிற முகக்கவசத்தை வாங்கு. காற்று வருகிற பக்கமாக நில். உங்கப்பனுக்கு ஏற்கெனவே இருமல், அவனை அந்தப் பக்கமே விடாதே. துத்தம் பட்ட பானையில் சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைக்கக் கூடாது; பூச்செடிக்கும் அலங்காரத்துக்கும் மட்டும்தான். ஒன்றும் போடாமல் சுட்ட சட்டியை வேண்டுமானால் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிவிட்டு மீன்குழம்புக்கு எடு. என்ன பழக்கினாலும் கொஞ்சம் கசியும், அடியில் தட்டு வை.

என் மணிக்கட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. மண் பிசைவதை விடச் சொல்கிறார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், மாமாவிடம் சொல்லிவிடாதே. வீட்டில் பேச ஆள் இல்லாத நேரத்தில் கையில் களிமண் இருந்தால் பொழுது போவது தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் இருக்கிறார்கள். இதையெல்லாம் நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உன்னிடம்தானே சொல்ல முடிகிறது.

மாசிக் கடைசியில் எரித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. எல்லாம் வெடித்திருந்தாலும் பண்ணு. ஆடி மாதம் போனாலுக்கு இங்கே வந்துவிடு, சிகந்திராபாத் மகாகாளி கோயில் கூட்டத்தையும் பார்க்கலாம், அவ்வாவிடம் நாலு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். உனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கை வேலைக்கு அது போதும். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ வாங்கி வா. இங்கே விற்பதை வாயில் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
உன் அத்தை