மாதாவுக்கு ஒரு தென்னங்கன்று

2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் எங்கள் தோப்பில் தப்பியது நான்கே மரம். புதுக்கன்று வைத்த அன்றைக்கு, ‘இது காய்ப்புக்கு வந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு கன்றும், மணலில் முழங்கால் நடையும்’ என்று வீட்டுக்காரம்மா நேர்ந்துகொண்டார். நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் பேராவூரணிப் பக்கம் மாதா எல்லோருக்கும் பொது.

போன வருடம் பாளை விட்டுக் காய் பிடித்தது. புயலுக்குத் தப்பிய மரத்து நெற்றில் முளைத்த, கழுத்து பருத்த பத்து மாதக் கன்றாகப் பார்த்து எடுத்து, ஈரச்சாக்கில் கட்டினேன்.

கன்றுக்குக் காட்டிய அக்கறையை உடுப்பில் காட்டவில்லை. அவர் கட்டி வந்தது புது நைலக்ஸ் சேலை. கோயிலிலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில், உச்சி வெயிலில், பாதி தூரத்திலேயே முட்டி உரிந்துவிட்டது. பக்கத்தில் முட்டி போட்டு வந்த ஒரு அம்மா தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார்.

நேர்ச்சை உள்ளவர்கள் பழைய பருத்திச் சேலையாகக் கட்டுங்கள். முட்டிக்குச் சுற்ற வேட்டித் துணி, குடிக்கத் தண்ணீர் கட்டாயம். விடியலிலேயே மணலில் இறங்கிவிடுங்கள். நடைப்பயணம் வருகிறவர்கள் காவி உடுத்துவார்கள். மற்றவர்களுக்குத் தோளும் காலும் மூடினால் போதும். மெழுகுவர்த்தி அங்கேயே விற்கிறது, சுமக்க வேண்டாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பெருங்கூட்டம். பிள்ளைகள் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

கன்றை வைத்துவிட்டுத் திரும்பினோம். “அதுக்கு யாருங்க தண்ணி ஊத்துவாங்க?” என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே நொண்டி வந்தார்.